உணவைக் காத்த பெருமகன் அப்பேர்



நாடாண்ட மன்னரையும் போர்க்களம் கண்ட தளபதிகளையும் நாம் நன்கறிவோம். நெப்போலியன் பெயரைக் கேளாத மாணவர் நம்முள் ஒருவரும் இரார். ஆனால், அதே நெப்போலியன் காலத்தில், அதே பிரெஞ்சு நாட்டில், கொப்பரையும் தக்கையும் கண்ணாடிச் சீசாவும் கொண்டு ஒரு சமையற்காரர் பெற்ற வெற்றியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நெப்போலியன் வென்ற நாடுகள் அவன் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போயின. அந்தச் சமையற்காரர் கண்ட வழியோ இன்றும் உலகெங்கும் கடை அலமாரிகளில் வாழ்கிறது. அவர் பெயர் நிக்கோலா அப்பேர். உணவுத் தொழில்நுட்பம் பயிலும் மாணவனாகிய நான் அவர் வரலாற்றைத் தேடிப் படித்ததற்குக் காரணம் தேர்வு அன்று. ஒரு சீசா கறிக் குழம்பு.

நான் ஈரோட்டுக்காரன். ஆலுவாவில், பெரியாற்றுக்கு அண்மையில், மதுரை நண்பர் ஒருவரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து புறப்படுகையில், என் தாயார் ஆட்டுக் கறிக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, மூடியை இறுகத் திருகி, துணி சுற்றிக் கொடுத்தார். கொதித்த குழம்பு, காற்றுப் புகாத மூடி, இதற்கு மேல் என்ன காவல் வேண்டும் என்று நானும் நம்பினேன். எங்கள் அறையில் குளிர்பதனப் பெட்டி இல்லை. நான்காம் நாள் இரவு சீசாவை எடுத்தேன். தட்டையாக இருந்த மூடி நடுவில் மேடிட்டிருந்தது. திருகியதும் சீறிக்கொண்டு நுரை வெளிவந்தது. கெட்ட வாடை பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொரு முறை கொதிக்க வைத்து உண்டுவிடலாம் என்றார் நண்பர். விடியுமுன் எழுந்து மசாலா அரைத்த தாயாரை எண்ணியபோது, கொட்டிவிட எனக்கும் மனம் வரவில்லை. ஆயினும் வகுப்பில் கேட்ட பாடம் அரைகுறையாக நினைவுக்கு வந்து தடுத்தது. கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினோம். மறுநாள் தாயார் தொலைபேசியில் அழைத்து, குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டார். மிக நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

கொதிக்க வைத்தும், இறுக மூடியும், குழம்பு ஏன் கெட்டது? இந்தக் கேள்வியோடு நூலகம் சென்ற நான் அங்கே அப்பேரைக் கண்டேன்.

அப்பேர் 1749ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், பிரான்சின் ஷாம்பேன் பகுதியிலுள்ள ஷாலோன் நகரில் பிறந்தார். தந்தையார் விடுதி நடத்தியவர். குழந்தைகள் நிறைந்த குடும்பம். விடுதியின் மதுக் கிடங்கும் அடுக்களையுமே சிறுவன் நிக்கோலாவின் பள்ளிக்கூடங்களாயின. மதுவை எப்படிச் சீசாவில் அடைப்பது, தக்கையை எப்படி இறுக்குவது, எந்தச் சீசா தாங்கும், எது வெடிக்கும் என்பனவெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாய் வந்தன. பின்னர்ப் பிரபுக்கள் வீட்டில் சமையற்காரராகப் பணியாற்றினார். 1784ஆம் ஆண்டில் பாரிசு மாநகரின் லொம்பார் தெருவில் மிட்டாய்க் கடை வைத்தார்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அப்பேர் ஒதுங்கி நிற்கவில்லை. தம் வட்டாரத்தில் புரட்சிப் பணிகளில் முன்னின்றார். ஆனால் புரட்சி தன் பிள்ளைகளையே விழுங்கத் தொடங்கிய 1794இல் அவரும் சிறைப்பட்டார். அந்நாளில் சிறை புகுந்தோர் பலர் தலை துணிக்கப்பட்டனர். அப்பேர் சில திங்களில் உயிரோடு வெளிவந்தார். வந்தவர் அரசியலை விட்டார், அடுப்பங்கரைக்குத் திரும்பினார், நெடுநாளாகத் தம் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு வினாவைக் கையில் எடுத்தார்.

அந்த வினாவை விளங்கிக்கொள்ள நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. இங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் போனால் போதும். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குத் தெருக்களில் மிளகும் சுக்கும் மணக்கின்றன. நீர் வற்றக் காய்ந்த பொருள்கள் அவை. சாக்கில் கட்டினால் ஏழு கடல் தாண்டியும் கெடாமற் சென்று சேரும். அதனாலன்றோ அவை பல நூற்றாண்டுகளாகக் கொச்சியின் செல்வமாக விளங்கின! சற்றே தள்ளிக் கோட்டைக் கொச்சியின் சீன வலைகளில் ஏறும் மீனோ, காலையில் துள்ளி மாலையில் வாடை வீசும். அதை உப்பிடலாம், உலர்த்தலாம், ஊறுகாய் போடலாம். ஆனால் கருவாடு கருவாடுதான், மீன் ஆகாது. உப்பும் வெயிலும் புளிப்பும் சர்க்கரையும் உணவைக் காக்கின்றன; காக்கும்போதே அதை வேறொன்றாக மாற்றியும் விடுகின்றன. மிட்டாய்க் கடைக்காரரான அப்பேர் இதை நன்கு அறிவார். பழத்தைப் பழமாகவும், பாலைப் பாலாகவும், பச்சைப் பட்டாணியைப் பச்சைப் பட்டாணியாகவும் ஓராண்டு வைத்துக் காக்க வழியுண்டா? இதுவே அவருடைய வினா.

பாரிசை அடுத்த இவ்ரி என்னும் ஊரில் 1795 முதல் ஆய்வைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் மாசி என்னும் ஊரில் தோட்டத்தோடு கூடிய தொழிற்கூடம் நிறுவினார். தோட்டத்தில் பறித்த காயை வாடுமுன் சீசாவில் அடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் கண்ட முறை நான்கே படிகள் உடையது. உணவைச் சீசாவில் இடுதல். தக்கையால் இறுக அடைத்தல். கொப்பரை நீரில் வைத்து உணவுக்கேற்ற நேரம் கொதிக்க விடுதல். உரிய நேரத்தில் எடுத்தல். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் பல ஆண்டு உழைப்பு உறைந்திருக்கிறது. காற்று ஊடுருவாத பொருள் என்பதனால் கண்ணாடியைத் தேர்ந்தார். சாதாரணச் சீசாவின் குறுகிய வாயில் இறைச்சித் துண்டு நுழையாது. எனவே வாய் அகன்ற சீசாக்களைச் செய்வித்தார். வாய் அகன்றால் தக்கையும் பெரிதாக வேண்டும். பெரிய தக்கையில் நுண்துளைகள் மிகுதி. அவற்றின் வழியே காற்றுப் புகும். ஆகவே மூன்று நான்கு தக்கைத் துண்டுகளை, துளைகள் மேலும் கீழும் அமையாமல் குறுக்கே அமையுமாறு அடுக்கி, மீன் பசையால் ஒட்டி ஒரே தக்கையாக்கினார். அதன் மேல் சுண்ணாம்பையும் பாலாடைக் கட்டியையும் குழைத்த பசையைப் பூசினார்; கம்பியால் கட்டினார். கொதிக்கையில் சீசா வெடித்தால் சில்லுகள் சிதறாமலிருக்க ஒவ்வொரு சீசாவையும் துணிப்பையில் இட்டுக் கொப்பரையில் இறக்கினார்.

சமையற்காரர் ஒருவர் சமையலைப் பற்றி எழுதியதை விடத் தக்கையைப் பற்றி எழுதியதே எனக்கு வியப்பளிக்கிறது. உணவைச் சூடேற்றுவது பாதி வேலை. சூடேறிய உணவைக் காக்கும் கலம் மறுபாதி. இரண்டில் ஒன்று தவறினாலும் உழைப்பு முழுதும் வீண். இன்று உணவுச் சிப்பமிடல் என்று நாம் படிக்கும் துறைக்கு அடிப்படையே இதுதான்.

1803இல் பிரெஞ்சுக் கடற்படையினர் அவருடைய சீசாக்களைப் பிரெஸ்ட் துறைமுகத்தில் வைத்துச் சோதித்தனர். மூன்று திங்கள் கழித்தும் காய்கறிகள் அன்று பறித்தவை போன்ற சுவையோடு இருந்தன. கடலோடிகளை உப்பிட்ட இறைச்சியும் கல் போன்ற ரொட்டியும் வாட்டிய காலம் அது. பின்னர் அறிஞர் குழுவினரும் ஆராய்ந்து மெச்சினர்.

இனி வருவதே அப்பேர் வாழ்வில் தலையாய கட்டம். 1810இல் அரசாங்கம் அவர் முன் இரு வழிகளை வைத்தது. காப்புரிமை பெற்று முறையைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ளலாம். அல்லது 12,000 பிராங்கு பரிசு பெற்றுக்கொண்டு, முறை முழுவதையும் நூலாக எழுதி உலகுக்கு வெளியிடலாம். வயது அறுபது. கையில் பெரும்பொருள் இல்லை. காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருக்கக் கூடும். அவரோ இரண்டாம் வழியைத் தேர்ந்தார். அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. எந்தக் காய்க்கு எவ்வளவு நேரம், எந்தத் தக்கை நன்று, சீசா ஏன் உடைகிறது, உணவு கெட்டால் எங்கே பிழை நேர்ந்திருக்கும் என்பன உட்பட எதையும் மறைக்காமல் எழுதினார். வெற்றியை விளம்பரப்படுத்துவோர் பலர். தம் முறை எங்கெங்கே தவறக்கூடும் என்பதையும் சேர்த்து அச்சிட்டுத் தருவோர் எத்தனை பேர்?

நூல் வெளிவந்த சில திங்களிலேயே, ஆகஸ்டில், இலண்டனில் பீட்டர் டியூரண்ட் என்பவர் தகரக் கலம் உள்ளிட்ட கலங்களில் உணவைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் ஆங்கிலேயப் படைகளுக்குத் தகர டப்பாக்களில் அடைத்த உணவு போகத் தொடங்கியது. கனத்த தகட்டால் ஆன அந்த டப்பாக்களை உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தனராம். அதற்கெனத் திறப்பான் தோன்றப் பல பத்தாண்டுகள் ஆயின!

அப்பேரின் நிலையோ வேறாயிற்று. நெப்போலியன் வீழ்ச்சியின்போது படையெடுத்து வந்தவர்களால் மாசித் தொழிற்கூடம் பாழாயிற்று. அறுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தகர டப்பாவில் அடைக்கும் முறையையும் தாமே முயன்று வளர்த்தார். 1822இல் மானிட குலத்தின் நன்மையாளர் என்னும் பட்டம் கிடைத்தது. பட்டம் பசியைப் போக்குமா? 1841ஆம் ஆண்டு சூன் முதல் நாள், 91ஆம் வயதில், மாசியில் வறியவராக மறைந்தார். ஏழைகளுக்குரிய பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் முறை ஏன் பலிக்கிறது என்பது அவருக்கே தெரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை நீக்கியதே காரணம் என்று வேதியியலறிஞர் கே-லுசாக் கருதினார். உலகமும் அரை நூற்றாண்டு அதை நம்பியது. 1860களில் லூயி பாஸ்டர்தாம் நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன, வெப்பம் அவற்றைக் கொல்கிறது என்று நிலைநாட்டினார். காரணம் அறியாத கை, காரணம் அறிந்த மூளைக்கு ஐம்பது ஆண்டு முன்னே நடந்துவிட்டது!

ஆயினும், நண்பர்களே, காரணம் அறியாமையால் விளைந்த கேடும் உண்டு. 1852இல் ஆங்கிலேயக் கடற்படையின் கிடங்கில் இருந்த இறைச்சி டப்பாக்களைத் திறந்தபோது, பெரும்பாலானவை அழுகிக் கிடந்தன. டப்பாவைப் பெரிதாக்கியவர்கள், வெப்பம் அதன் நடுவரை சென்று சேர வேண்டும் என்பதை மறந்தார்கள். சுற்றிலும் வெந்தது, நடுவில் வேகவில்லை.

இங்கேதான் என் குழம்பின் மருமமும் விளங்கிற்று. சில நுண்ணுயிர்கள் வித்து வடிவம் எடுத்து உறங்குபவை. நீர் கொதிக்கும் 100 பாகை வெப்பம் அவற்றை எளிதில் கொல்லாது. குழம்பு ஆறியதும் அவை விழிக்கின்றன. அவற்றுள் காற்றில்லா இடத்தையே விரும்பும் இனம் ஒன்றுண்டு. பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சைச் சுரப்பது. நாம் காவல் என்று எண்ணி இறுக்கிய மூடியே அதற்கு நல்ல வீடாகிறது! அந்நஞ்சு இருப்பதை நிறமோ மணமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப இயலாது. புளிப்பு மிகுந்த ஊறுகாயில் அவ்வித்து முளைக்காது. அமில அளவு எண் 4.6க்கு மேற்பட்ட கறி, மீன், பால், பருப்பு ஆகியவற்றில் முளைக்கும். அதனால்தான் 1920களில் அறிஞர்கள் கணக்கிட்டு ஒரு விதி வகுத்தனர். கலத்தின் நடுப்பகுதி, வெப்பம் கடைசியாக வந்து சேரும் அந்தப் புள்ளி, 121 பாகையில் ஏறத்தாழ 3 நிமிடம் இருந்தாக வேண்டும். திறந்த கொப்பரையில் இந்த வெப்பம் வராது; அழுத்தக் கலத்தில்தான் வரும். அப்பேருக்குப் பின் அத்தொழிலை நடத்திய ஷெவாலியே-அப்பேர் 1850களில் அழுத்தமானி பொருத்திய கலத்தைப் புகுத்தியது இந்த வழிக்குப் பெருந்துணையாயிற்று. என் தாயார் செய்ததோ கொதித்ததை ஊற்றி மூடியது மட்டுமே. மூடியபின் சூடேற்றவுமில்லை, வேண்டிய வெப்பம் எட்டவுமில்லை.

கலம் கண்ணாடியிலிருந்து தகரத்துக்கு மாறியபோது இன்னொரு வினாவும் எழுந்தது. வெளியிலுள்ளதை உள்ளே விடாத கலம், தன்னிடமுள்ளதை உணவுக்குள் விடாமல் இருக்குமா? பழைய டப்பாக்களை ஈயம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டினர். அந்த ஈயம் உணவில் இறங்கியது. பின்னர்த் தகட்டின் விளிம்புகளை இரட்டை மடிப்பாக மடித்து அழுத்தும் முறை வந்தது. அமெரிக்காவில் ஈயப் பற்றாசு 1995இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. கொச்சியில் இறாலை டப்பாவில் அடைக்கும் தொழில் வளர்ந்தபோது இங்கும் ஒரு தொல்லை இருந்தது. இறாலின் புரதத்திலுள்ள கந்தகம் தகட்டின் இரும்போடு கூடிக் கருமை படிந்துவிடும். கந்தகத்தைத் தாங்கும் பூச்சை உட்புறம் பூசி அதைத் தடுக்கின்றனர். அந்தப் பூச்சுகளிலும் கவனம் வேண்டும். பல பூச்சுகளில் இடம்பெற்ற பிஸ்பினால்-ஏ என்னும் பொருளை உணவுக் கலங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தடை விதித்தது. ஒரு குற்றத்தைத் தீர்க்க வந்த பொருளையே மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். கொச்சி வில்லிங்டன் தீவில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957 முதல் இயங்கி வருகிறது. மீன் குழம்பைக் குளிர்பதனம் இல்லாமலே ஓராண்டுக்கு மேல் காக்கும் பைகளைப் பற்றி அங்கே ஆய்ந்து வழி கண்டுள்ளனர். வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலிப்ரோப்பிலீன் என மூன்று அடுக்கு கொண்ட பை அது. டப்பாவை விடத் தட்டையாக இருப்பதால் வெப்பம் விரைவில் நடுவை எட்டுகிறது. குழம்பு அளவுக்கு மீறி வெந்து குழைவதில்லை. அந்த நடு அடுக்கைப் பற்றி எண்ணும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை 1943இல் தொடங்கப்பட்டது நம் ஆலுவாவை அடுத்த அலுபுரத்தில், இதே பெரியாற்றங்கரையில்தான்! மாசியில் தக்கையை அடுக்கி ஒட்டியவர் இந்தப் பையைக் கண்டிருந்தால், தம் பிள்ளையின் பிள்ளை என்று அடையாளம் கண்டிருப்பார் அல்லரோ?

ஆனால் அறிவு ஆய்வுக்கூடத்தில் இருந்தால் மட்டும் போதுமா? மாலையில் ரயிலடிக்கு அருகே தேநீர்க் கடைகளில் சுடச்சுடப் பழம்பொரி வாங்குகிறோம். அதைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார்கள். எண்ணெய் பட்ட எழுத்து பழம்பொரியில் பதிகிறது. அச்சு மையிலுள்ள வேண்டாப் பொருள்கள் நம் வயிற்றுக்குள் போகின்றன. உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கடைக்காரர் மீது மட்டும் குறை சொல்லேன். இதைப் படிக்கும் நானே பல நாள் வாய் திறவாமல் வாங்கி உண்டவன்.

அப்பேரிடம் நான் கற்றது இதுதான். சீசாவை மூடுகிறவர் ஒருவர், திறக்கிறவர் வேறொருவர். இருவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் காண்பதில்லை. மூடுகிறவரின் நேர்மையை நம்பியே திறக்கிறவர் உண்கிறார். அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால், முறையை மறைக்கக் கூடாது. பிழையையும் மறைக்கக் கூடாது. அப்பேர் இரண்டையும் மறைக்கவில்லை. அதனால் செல்வத்தை இழந்தார். ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் அவர் நூலைக் கொண்டே அவருடைய முறையைத் திருத்தி வளர்த்தார்கள்.

நானோ ஒரே ஒரு சீசாவின் பிழையைப் பெற்ற தாயிடமே மறைத்தேன். அப்பேரின் வரலாற்றைப் படித்து முடித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பாராட்டிய அந்தக் குழம்பையே தாயார் அடுத்த முறையும் அப்படியே கட்டிக் கொடுப்பார். என் தங்கை வெளியூரில் படிக்கப் போனால் அவளுக்கும் கொடுப்பார். என் பொய் அவர் மனத்தைக் காக்கவில்லை. ஆபத்தையே காத்து வைத்தது. மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நாங்கள் அதை உண்ணவில்லையே என்று மும்முறை கேட்டார். உண்ணவில்லை என்றதும் பெருமூச்சு விட்டார்.

இந்த முறை விடுமுறைக்குச் சென்று திரும்பியபோது தாயார் தந்தது நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும். கறிக் குழம்பை வீட்டிலேயே வயிறார உண்டுவிட்டு வந்தேன். நண்பர்களே, உங்கள் வீட்டுச் சீசாவும் ஒரு நாள் மூடி மேடிட்டு நிற்கக் கூடும். அப்போது சுவைத்துப் பார்க்க வேண்டாம். மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். கொட்டியதை வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். பொதுக் குழியில் உறங்கும் அந்தப் பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.